ஒன்பதாம் பொட்டலத்துக் கற்கள்

பொட்டலத்தைப் பிரித்த திங்கட்கிழமை ஆய்வகத்தில் இருந்தவர்கள்:

1. முனைவர் முத்துச்சாமி. துறைத் தலைவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.
2. ஸ்டான்லி. ஆராய்ச்சி மாணவன். பிரித்தவன் இவன்.
3. மாயக்காள். கூட்டித் துடைப்பவர். துடைத்துக்கொண்டிருந்தார்.
4. ஒரு பல்லி.

இல்லாதவர்: சுகன்யா. பொட்டலத்துக்குச் சொந்தக்காரி. டெங்குக் காய்ச்சலில் நெய்க்காரப்பட்டியில் படுத்திருந்தாள்.

சுகன்யா சொன்னது மூன்று பேரைத்தான். நான்காவதைச் சேர்த்தவள் இஃப்பத்.

"பல்லியப் பாத்தேன்னு அந்தப் பொண்ணு சொல்லலையேம்மா" என்றார் ஆரோக்கியதாஸ்.

"பல்லி இல்லாத ஆய்வகம் ஏது சார்? அதுவும் இல்ல, மத்த மூணு பேரும் வாயத் தொறக்கலன்னா அதுகிட்டதானே போய் நிக்கணும்?"

ஆரோக்கியதாஸ் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களையும் செத்த மாடுகளையும் பார்த்து எழுதியவர். மாடு எப்படிச் செத்தது என்பதை மாட்டைப் பார்க்காமல் மாட்டுக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது நாகல் நகரில் மோட்டார் காயில் சுற்றும் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, துப்பறியும் நிபுணர் என்று ஒரு பலகை. இஃப்பத் பேகம்பூர்க்காரி. ஸ்கூட்டர் ஓட்டுவது, குறிப்பு எழுதுவது, வாய் பேசுவது மூன்றும் அவள் வேலை. மூன்றாவதற்கு யாரும் அவளை நியமிக்கவில்லை.

சுகன்யா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

"ஏனுங்க சார், நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுருவீங்களாங்க?"

"என்னத்தம்மா?"

"கல்லைங்க."

இஃப்பத் பேனாவைக் கீழே வைத்தாள். "திண்டுக்கல்லுக்கு வந்து கல்லக் காணோம்னா எப்படி? அந்தா நிக்குது பாருங்க மலைக்கோட்டை. வேணுங்குற அளவு எடுத்துக்கங்க."

சுகன்யா சிரிக்கவில்லை. "அந்தக் கல்லு மேல லைக்கன் ஒட்டியிருக்குதுங்க. பாசியும் பூஞ்சையும் ஒண்ணாக் குடித்தனம் பண்ற உசுரு அது. பிரியாணிக்குப் போடுற கல்பாசியும் ஒரு லைக்கன்தானுங்க. ஆனா அது மரத்துல இலை இலையா வளரும். என்னோடது இமயமலையில பதினஞ்சாயிரம் அடிக்கு மேல, பாறைக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டியிருக்கும். சுரண்டுனா வராது. பாறையோட சேத்து உடைச்சுத்தான் எடுக்கோணும்."

"அத எடுத்து என்ன செய்றது?"

"அம்புட்டு ஒசரத்துல வெயிலு தோலை உரிக்கும். பனி எலும்பை உடைக்கும். ஓடி ஒளியலாம்னா அதுக்குக் காலு கிடையாதுங்க. அதனால தன்னைக் காப்பாத்திக்கத் தானே மருந்து சமைச்சு உள்ளயே வெச்சுக்குது. நம்ம உடம்பு துருப்பிடிக்காமத் தடுக்குற மாதிரி சரக்கு. மூணு தடவை போயி பதினாலு பொட்டலம் கொண்டாந்தேன். பதிமூணு சுமாருதான். ஒம்பதாவது மட்டும், தட்டுல வளர்த்த புத்துநோய் செல்லுல முக்காவாசியை மூணு நாள்ல கொன்னுருச்சுங்க."

"அப்ப மருந்து கண்டுபுடிச்சாச்சுன்னு சொல்லு!" இஃப்பத் நிமிர்ந்தாள்.

"இல்லீங்க. தட்டுல பினாயில் ஊத்துனாலும் செல்லு சாகும். அதைக் குடிக்க முடியுங்களா? இது ஆரம்பம்தான். ஆனா நெசமான ஆரம்பம்."

அந்த ஒரு பதிலுக்காகவே இஃப்பத்துக்கு அவளைப் பிடித்துப்போனது. காசு கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த அளவுக்குக்கூட உண்மை பேசுவதில்லை.

மீதிக் கதை சுருக்கமானது. கற்கள் ஒன்றோடொன்று உரசினால் லைக்கன் உதிர்ந்துவிடும். அதனால் மலையடிவார மரங்களில் கிடைத்த சாதாரண இலை லைக்கனை இரண்டு கை அள்ளி, பொட்டலத்துக்குள் மெத்தை மாதிரி வைத்திருந்தாள் சுகன்யா. ஒரு வெள்ளிக்கிழமை உடம்பு அனலாகக் கொதிக்க, பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை துறைத் தலைவர் சொல்லி ஸ்டான்லி மறுசோதனை செய்தான். உள்ளே மெத்தை மட்டும் இருந்தது. அதை அரைத்துச் சோதித்தான். ஒரு செல்கூடச் சாகவில்லை.

"நான் பொய்யா முடிவு எழுதிட்டேன்னு சொல்றாங்க. கல்லு இருந்துச்சுன்னு போட்டோ காமிச்சேன். போட்டோவை அரைச்சு சோதிக்கவான்னு கேக்குறாருங்க முத்துச்சாமி சார். நாலு மணிக்கு எங்க ஆராய்ச்சியைச் சரிபார்க்கக் கோயமுத்தூருல இருந்து டாக்டர் தமிழ்நிலா வர்றாங்க. அவங்க முன்னாடி என்னை நீக்குறாங்க. அஞ்சு வருசமுங்க சார். எங்கப்பா தென்னந்தோப்புல பாதி போயிருச்சு. இன்னிக்கு நீக்குனா வேற எந்த ஆய்வகமும் என்னைக் கதவுகிட்டக்கூட விடாது."

"ஸ்டான்லி எப்படி?" ஆரோக்கியதாஸ் கேட்டார்.

"அதே கூட்டத்துல அவனோட புது லைக்கனைக் காட்டுறானுங்க. கொடைக்கானல் பாறையில எடுத்தானாம். சாறு பொன்னு மாதிரி மஞ்சள். என்னோடதை விட மூணு மடங்கு வேலை செய்யுது."

இஃப்பத் விரலைச் சொடுக்கினாள். "முடிஞ்சுச்சு. கல்லு அவன்கிட்ட. ஸ்கூட்டர எடுக்கவா சார்?"

"நானும் அப்பிடித்தானுங்க நினைச்சேன். கண்ணாடிப் பெட்டி வழியா அவன் கல்லைப் பார்த்தேன். பளிச்சுன்னு மஞ்சள். என்னோடது சாம்பல், அதுல லேசாப் பச்சை. அது என்னோடது இல்லீங்க."

இஃப்பத் சொடுக்கிய விரலை மடக்கிக்கொண்டாள்.

ஆரோக்கியதாஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். தடித்த பழுப்புக் காகிதம். மேலே ஒன்பது என்று எண். முக்கோணமாக மடித்து, நூலை இடப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல் நுனியை உள்ளே சொருகியிருந்தது. ஒரு மூலை மட்டும் மூடாமல் வாய் திறந்திருந்தது.

"இது உன் மடிப்பாம்மா?"

"இல்லீங்க. நான் கடித உறை மாதிரி மடிப்பேன். ஸ்டான்லி பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படத்துலயே இப்பிடித்தான் இருக்குது. பழைய தடத்துலயே திரும்ப மடிச்சு வெச்சிருக்கான்."

இஃப்பத் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து திறந்திருந்த மூலைக்குள் சுண்டுவிரலை விட்டாள். வெளியே இழுத்தாள். கண் விரிந்தது.

"சார், இந்த மடிப்ப எனக்குத் தெரியும். எங்க மச்சான் பிரியாணிக் கடைக்குக் கல்பாசி இந்தப் பொட்டலத்துலதான் வரும். மூலைய மூடவே மாட்டாக. பிரிக்காமலே விரல விட்டு இழுத்து சரக்கப் பாக்கலாம்ல, அதுக்கு."

"எங்கருந்து வருது?"

"ரெட்டியார்சத்திரம். மசாலாச் சாமான் பொறுக்குற கொட்டகை." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நெஞ்சில் கை வைத்தாள். "யா அல்லா. நேத்து மச்சான் கடையில ரெண்டு பிளேட்டு சாப்ட்டேன். இமயமலை எனக்குள்ளதான் இருக்கா? சார், எனக்கு இனிமே சாவே கெடையாதா?"

"கல்லத் தின்னியா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீயும் எங்களோட சாகத்தான் போற. வண்டிய எடு."

சுகன்யாவைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஆரோக்கியதாஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரவும் தெரியாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்வார். ரெட்டியார்சத்திரம் போய்ச் சேர்வதற்குள் பதினொரு புனிதர்கள் ஆகியிருந்தார்கள்.

கொட்டகைக்குள் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு முறம். முறத்தில் கறுப்பும் சாம்பலுமாகக் கல்பாசி. கைகள் பாசியைக் கிளறின, பட்டையை ஒடித்தன, கல்லைத் தட்டில் போட்டன. வாய்கள் அதைவிட வேகமாக வேலை செய்தன. இஃப்பத்துக்கு உள்ளே நுழைந்ததுமே பசித்தது.

மேற்பார்வை ஜக்கம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து, காதில் பெரிய தோடு. பொட்டலத்தை நீட்டியதும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எங்க புடிச்சீக?"

"உங்க கொட்டகை மடிப்புதானே?"

"கொட்டகை மடிப்புதேன். ஆனா கொட்டகைக் காயிதம் இல்ல. நாங்க பழைய பேப்பர்லதேன் மடிப்போம்."

"யார் மடிச்சதுன்னு சொல்ல முடியுமாக்கா?" இஃப்பத் கேட்டாள்.

ஜக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏத்தா, உம் புருசன் சட்டைய நாலு சட்டைக்கு நடுவுல போட்டா உனக்குத் தெரியாதா?"

"எனக்குப் புருசன் கெடையாது."

"அதேன் தெரியல. இந்தா, நூல எடப்பக்கமாச் சுத்தி உள்ள சொருகுறவ இங்க ஒருத்திதேன். அவளுக்கு எடக்கை. மாயக்கா. எம் மதினி. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் வருவா. மத்த நாளு திண்டுக்கல்லுல ஏதோ காலேசுல கூட்டுறா."

இஃப்பத் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். மூன்றாவது வரி. பல்லிக்கு மேலே.

"பதினொரு புனிதர வேலை வாங்கி இங்க வந்துருக்கோம்" என்றாள் மெதுவாக. "ஆளு அங்கயே தொடப்பத்தோட நின்னுட்டு இருந்துச்சா?"

ஆரோக்கியதாஸின் கண் ஒரு முறத்தில் இருந்தது. ஒரு பெண் தட்டில் சேர்ந்த கல்லையும் பட்டையையும் ஓர் உறையில் கொட்டினாள். பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே தூவி, உறையைக் குலுக்கினாள். எழுந்துபோய்ப் பொட்டலத்தையும் உறையையும் ஜக்கம்மாளின் மேசையில் வைத்தாள்.

"குப்பைய எதுக்கும்மா பத்திரமாக் கொண்டாந்து குடுக்குறாக?"

"குப்பையில்ல சாமி, கழிவு. நாலு கிலோ வாங்குனா, பாசியும் கழிவும் சேந்து நாலு கிலோ வரணும். ரெண்டையும் ஆளுகிட்ட ஒப்படைச்சாத்தேன் வேல முடிஞ்சுச்சு. கழிவக் காணோம்னா பாசிய மடியில கட்டிட்டுப் போயிட்டான்னு அர்த்தம்."

"அதுல என்னமோ தூவுனாகளே?"

ஜக்கம்மாள் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லி, ஏன் என்றும் சொன்னாள். ஒரு முறை காட்டிய கழிவை மறுநாள் புதுசு மாதிரித் திரும்பக் காட்டிவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. முப்பது வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கை தானாகத் தூவும்.

மூலையில் ஒரு முறத்தில் கல் விழுந்த சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த இஃப்பத்துக்கு அந்த வார்த்தை காதில் விழவில்லை. ஆரோக்கியதாஸ் சிரிக்க ஆரம்பித்தபோதுதான் திரும்பினாள். அவர் சிரித்தால் நிற்காது. சிரிப்பு முற்றினால் விக்கல் வரும். வந்தது.

"சார், என்ன சார்?"

"வண்டிய... இக்... எடு. போற வழியில ஒரு வெத்தலக் கடையில நிப்பாட்டு."

"நீங்க வெத்தல போட மாட்டீகளே?"

"வெத்தல வேணாம். சுண்ணாம்பு மட்டும் வாங்கு."

"சுண்ணாம்பா? விக்கலுக்கா?"

"இஃப்பத், மணி மூணு அஞ்சு."

கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது மூன்று முப்பத்தைந்து. டாக்டர் தமிழ்நிலா சீக்கிரமே வந்துவிட்டார் என்று வாசலிலேயே தெரிந்தது. மாடிப்படியில் சுகன்யா நின்றிருந்தாள். கையில் அவளை நீக்கும் கடிதம். இன்னும் கையெழுத்தாகவில்லை, அவ்வளவுதான்.

மூவரும் ஆய்வகத்துக்குள் போனார்கள். உள்ளே நீளமான மேசை. அதன் தலைமாட்டில் முத்துச்சாமி. பக்கத்தில் குட்டை முடியோடு தமிழ்நிலா. வந்ததிலிருந்து யாரையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை என்பது முத்துச்சாமியின் வேர்வையில் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு. அவன் முன்னால் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஆறேழு கல் துண்டுகள், பளிச்சென்ற மஞ்சளில். பக்கத்தில் சிறு குப்பியில் பொன் நிறச் சாறு. ஓரத்தில் மாயக்காள், துடைப்பானைப் பிடித்துக்கொண்டு.

"யார் சார் நீங்க?" முத்துச்சாமி எழுந்தார்.

"கல்லுத் தேடி வந்தவன். அஞ்சு நிமிசம் குடுங்க, போயிருவேன்." ஆரோக்கியதாஸ் குப்பியைக் காட்டினார். "தம்பி, இதுல ரெண்டு சொட்டு தருவீகளா?"

ஸ்டான்லிக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைத் தட்டில் இரண்டு சொட்டு விட்டான். "தாராளமா. முக்கால்வாசி செல் ஒரே நாள்ல காலி. இது மாதிரி ஒண்ணை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல."

"பார்த்துருப்பாக" என்றார் ஆரோக்கியதாஸ். சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டுத் தட்டில் கலக்கினார்.

பொன் நிறம் ஒரு நொடி திகைத்தது போல நின்றது. பிறகு ரத்தச் சிவப்பானது.

இஃப்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும் மஞ்சள் திண்டுக்கல்லில் எத்தனை வீட்டு வாசலில், எத்தனை கல்யாணத்தில் தட்டில் சுழன்றிருக்கும்! "ஆரத்தி!" என்று கத்தியே விட்டாள். "சார், ஆரத்தித் தண்ணி! மாப்ள, வலது கால எடுத்து வெச்சு உள்ள வாங்க!"

"என்ன கேலி இது?" ஸ்டான்லி முகம் சிவந்தது. அது சுண்ணாம்பு இல்லாமலே சிவந்தது. "மேடம், லைக்கன் சாயத்துல பல வகை காரத்துக்குச் சிவக்கும். இது சாதாரண விஷயம்."

தமிழ்நிலா தலையாட்டினார். "அவர் சொல்றது சரி. சிவந்ததை மட்டும் வெச்சு எதையும் சொல்ல முடியாது."

இஃப்பத்தின் கை காற்றில் நின்றது. சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒத்துக்கிறேன் மேடம்" என்றார் ஆரோக்கியதாஸ், அலட்டிக்கொள்ளாமல். "எனக்கு லைக்கனைப் பத்தி இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும். இந்தப் பொண்ணு சொல்லுச்சு. வெயில் படுற பக்கமாப் பாறைக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி ஒட்டியிருக்குமாம். மலையோட சேத்து ஒட்டியிருந்த கல்லை ஒடைச்சு எடுத்தா, ஒடைஞ்ச பக்கம் வெறும் கல்லாத்தானே இருக்கணும்?"

"ஆமா."

"தம்பி, பெட்டியில இருக்குற கல்லக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

ஸ்டான்லி அசையவில்லை. தமிழ்நிலாவே முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து ஒரு கல்லைத் திருப்பினார். அடியில் மஞ்சள். பக்கவாட்டில் மஞ்சள். உடைத்த விளிம்பின் கூரிலும் மஞ்சள். இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் அப்படியே.

"கொடைக்கானல்ல பாறைக்கு அடியிலயும் வெயில் அடிக்கும்போல" என்றாள் இஃப்பத்.

தமிழ்நிலா முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கல்லை மூக்கருகே கொண்டுபோனார். அவர் உதடு ஓரத்தில் முதல் முறையாக ஏதோ துடித்தது. "யாராவது எனக்குச் சொல்லுங்க. இது ஏன் சாம்பார் மாதிரி மணக்குது?"

"ஐயய்ய, அது நான் தூவுன மஞ்சத்தூளுல்ல!" என்றாள் மாயக்காள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மாயக்காள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என்னம்மா தூவுன?" முத்துச்சாமிக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"சனிக்கெழம மேசையத் தொடைக்கையில பொட்டலம் பிரிஞ்சு கெடந்துச்சுங்கய்யா. பாத்தா கல்பாசி. அதுல எம்புட்டுக் கல்லுங்குறீக! பாதிக்குப் பாதி. சுகன்யாப் பாப்பாவ எந்தக் கடக்காரனோ நல்லா ஏமாத்திப்புட்டான்னு வயிறு எரிஞ்சுச்சு. பாவம், காச்சல்ல கெடக்குதே, வந்தா அதுவா ஒக்காந்து பொறுக்கும்னு நானே கல்லப் பொறுக்கிட்டுப் பாசியச் சுத்தமா மடிச்சு வெச்சேன்."

"அக்கா..." என்றாள் சுகன்யா.

"கழிவுன்னா மஞ்ச தூவணும்ல. கடுகு தாளிக்கிற நேரத்துல எங் கை தானாத் தூவும். பையில சின்ன டப்பா எப்பவும் கெடக்கும். தூவி, இது பாப்பா பொட்டலத்துக் கழிவுன்னு சொல்லி ஸ்டான்லி தம்பிகிட்டக் குடுத்தேன். அதுவும் ரொம்ப மரியாதையா வாங்கிக்கிருச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, நானே பாப்பாட்டக் குடுத்துர்றேன்னுச்சு."

இப்போது எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. அது சுகன்யாவின் கல் என்று தெரிந்தே வாங்கினான். தெரிந்தே வெறும் மெத்தையை அரைத்துச் சோதித்து அவளைப் பொய்க்காரி ஆக்கினான். அவளுடைய கல்லைத் தன் கல்லாக்கினான். அதன் மேல் இருந்தது சமையல் மஞ்சள் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"மஞ்சளும் தட்டுல இருக்குற புற்றுநோய் செல்லைக் கொல்லும்" என்றார் தமிழ்நிலா. "அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். மூணு மடங்கு வந்ததுல ஆச்சரியமே இல்ல. மிஸ்டர் ஸ்டான்லி, நீங்க கண்டுபிடிச்சது ரசம்."

இஃப்பத் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரோக்கியதாஸுக்கு மறுபடி விக்கல் வந்தது. "வீட்ல ஒரு நாளாச்சும் அடுப்படிப் பக்கம் போயிருந்தா வாசம் தெரிஞ்சிருக்கும்ல அப்பு?" என்று இஃப்பத் கேட்டாள். "ஒரு வெங்காயமாச்சும் உரிச்சிருக்கியா?"

ஸ்டான்லி சிரிப்புக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியை இழுத்து எடுத்தான். "இது எல்லாம் கட்டுக்கதை. என் சாம்பிளை நான் பத்திரப்படுத்தணும்" என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்தின் கோடியில் இருந்த கருவி அறைக்குள் வேகமாகப் போனான். அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கல்லைக் கழுவினான்.

"கழுவட்டும்" என்றார் தமிழ்நிலா சலிப்போடு. பிறகு சுகன்யாவைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கியிருந்தது. "உன்மேல தப்பில்ல. அது எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தக் கல்லு கெட்டுப்போச்சு. சாறு எடுத்தா மஞ்சளும் லைக்கனும் சேர்ந்தேதான் வரும். எது கொன்னுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீ ஏமாத்தலன்னு நான் எழுதலாம். உன் முடிவு உண்மைன்னு எழுத முடியாது."

சுகன்யா தலையாட்டினாள். அவளுக்கு இது தெரியும். மஞ்சள் என்ற சொல்லைக் கேட்ட நொடியே கணித்திருந்தாள். "திரும்ப மலைக்குப் போகோணும்னா அடுத்த வருசம் ஆகுங்க. பனி விடோணும். துறையில பணம் தர மாட்டாங்க." பக்கத்தில் நின்ற முத்துச்சாமி சுவரைப் பார்த்தார். தர மாட்டார் என்று அர்த்தம்.

"மஞ்சள் படாத ஒரே ஒரு துண்டு போதும்" என்றார் தமிழ்நிலா. "கட்டைவிரல் அளவு. இருந்தா நான் ஊருக்குப் போகல. ரெண்டு நாள் தங்கி என் கண்ணு முன்னாடி செய்யச் சொல்வேன்."

இஃப்பத்துக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஜெயித்த பிறகு தோற்பது போல இருந்தது. ஆரோக்கியதாஸைப் பார்த்தாள். அவரிடமும் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் ஆளுக்கு மாடு எப்படிச் செத்தது என்றுதான் தெரியும், எழுப்பத் தெரியாது.

மாயக்காள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள்.

"ஏன் பாப்பா, பெரிய கல்லு ஒண்ணு இருந்துச்சே, அது ஆகாதா?"

சுகன்யா மெல்லத் திரும்பினாள். "எந்தக் கல்லுங்கக்கா?"

"பாதித் தேங்கா பெருசுக்கு ஒண்ணு கெடந்துச்சுல்ல. பெரிய கல்லக் கழிவுல சேக்க மாட்டோம் பாப்பா. அதத் தனியா எடுத்து வெச்சு, வித்தவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, இத நீ திம்பியாடான்னு சண்ட போடணும். நீ வந்ததும் எந்தக் கடைன்னு கேட்டு நானே போயி நாலு வார்த்த கேக்கலாம்னுதேன் வெச்சிருந்தேன்."

"மஞ்சத் தூவுனீங்களா?" நான்கு பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அதுக்கு எதுக்குத் தூவணும்? அது கழிவு இல்லையே."

"எங்கக்கா வெச்சீங்க?" சுகன்யாவின் குரல் காற்றாக வந்தது.

"அந்தா, மிசினு ரூமுக் கதவுக்கு முட்டுக் குடுத்துருக்கேன். அந்தக் கதவு சாத்துனாத் தானாப் பூட்டிக்கிருது, உள்ள இருந்து தொறக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ நானே உள்ள மாட்டிக்கிட்டேன்."

ஐந்து தலைகளும் திரும்பின. கருவி அறை வாசலில், விரியத் திறந்த கதவின் காலடியில், பாதித் தேங்காய் அளவில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். மேல்பக்கம் முழுக்க, சாயம் பூசியது போல, மங்கலான பச்சை.

சுகன்யா நடக்கவில்லை, ஓடினாள். நாற்காலி ஒன்று சரிந்தது. வாசலில் முழங்காலிட்டு, கோட்டுப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் வெறும் கல். உடைந்த பக்கம் வெறும் கல்.

"இதுதானுங்க" என்றாள். "மேடம், இதுதானுங்க!"

"கொண்டா இங்க" என்றார் தமிழ்நிலா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "முத்துச்சாமி சார், எனக்கு ரூம் போடச் சொல்லுங்க."

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. கழுவி முடித்த கற்களோடு ஸ்டான்லி வாசலை நோக்கித் திரும்பினான். கதவு தன் பாட்டுக்கு, அவசரம் எதுவும் இல்லாமல், நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டுக்குள் அது சாத்திக்கொண்டு, டக்கென்று பூட்டிக்கொண்டது.